அக்காவின் இரண்டாவது புள்ளி

என் அக்காவுக்கு யாரையும் நம்பி வழக்கமில்லை. பால் பாக்கெட்டில் அச்சடித்த தேதியை நம்பமாட்டாள். முகர்ந்து பார்த்தால்தான் ஆயிற்று. கதவைப் பூட்டிவிட்டு நாலு எட்டு போனவள் திரும்ப வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தன் கையையே நம்பாதவள் ஊரையா நம்பப்போகிறாள்? பக்கத்து வீட்டம்மா சிரித்தால், "எதுக்கு இன்னிக்கு இளிக்கிறா?" என்பாள். சிரிக்காவிட்டால், "என்னத்த மறைக்கிறா, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறா?" என்பாள். "உங்க அக்கா கண்ணாடி முன்னாடி நின்னாக்கூட, யாரு நீன்னு ஒரு தடவ கேட்டுட்டுத்தான் தலை வாருவாங்க" என்று என் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அக்கா சந்தேகப்படாத ஒரே ஆள் நான். அவள் வீட்டுச் சாவி ஒன்றும், காரின் இரண்டாவது சாவியும் என் வீட்டு ஆணியில்தான் தொங்கும். நான் கொண்டுபோய்க் கொடுக்கும் எதையும் புரட்டிப் பார்க்கமாட்டாள். மருந்தாகட்டும், தக்காளியாகட்டும், "அங்க வச்சிட்டுப் போடா" என்பாள், அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்தால் எனக்கு வாய் வராது.

அக்காவுக்கு வேலை ரத்தம் எடுப்பது. ஒரு பரிசோதனைக்கூடத்துக்காகக் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, படுக்கையில் இருப்பவர்கள், நடக்க முடியாதவர்கள் வீடுகளுக்குப் போய் ஊசி குத்தி, குழாயில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பத்து மணிக்குள் கொண்டுவந்து சேர்ப்பாள். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. ஒரு மாடி வீட்டுப் பெரியவருக்கு எந்தக் கையிலும் நரம்பு கிடைக்காது. மூன்று பேர் குத்திப் பார்த்துத் தோற்ற இடத்தில் அக்கா ஒரே குத்தில் எடுப்பாள். அவர் வேறு யாரையும் வாசல் தாண்ட விடுவதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தப்பு செய்தாள். இரண்டு குழாய்களில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டாள். ஒன்றுமே இல்லாத ஒரு பெண்ணுக்குப் பெரிய வியாதி என்று முடிவு போய்விட்டது. மூன்று நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. அந்த மூன்று நாளும் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று பேச்செடுத்தால் அக்கா எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகுதான் புள்ளி வைக்க ஆரம்பித்தாள். சிவப்பு நெயில் பாலிஷால் குழாயின் மூடிமேல் ஒரு புள்ளி. பெயர்ச்சீட்டுக்கு அடியில், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், இன்னொரு புள்ளி. "மேல இருக்கிறத எவன் வேணா பாத்து வச்சிடலாம். உள்ள இருக்கிறது எனக்கு மட்டும்தான் தெரியும்" என்பாள். அவள் நகத்தில் பாலிஷ் பூசி நான் பார்த்ததில்லை. பையில் மட்டும் எப்போதும் ஒரு குப்பி இருக்கும்.

சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது. பேருந்தின் உயரமான படியும் ஏற முடியாது. அதனால்தான் தானியங்கி கியர் கார். சாம்பல் நிறம், இருபத்தொரு வயது. வலது காலை மட்டும் வைத்துக்கொண்டு அதை ஓட்டுவாள். அந்தக் கார் ஓடும்வரை அவளுக்கு வேலை உண்டு, தனி வீடு உண்டு, யாரிடமும் போய் நிற்க வேண்டிய தேவை இல்லை. கார் நின்றால் மூன்றும் நின்றுவிடும்.

அந்தக் கார்தான் தகராறு பண்ண ஆரம்பித்தது. காலையில் ஒழுங்காகக் கிளம்பும். அரைமணி ஓடியதும் டாஷ்போர்டில் 'டி' என்ற எழுத்து சிமிட்ட ஆரம்பிக்கும். அதோடு கியர் மூன்றாவதில் மாட்டிக்கொள்ளும். ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. நின்று கிளம்பும்போது மூட்டை சுமக்கிறவர் மாதிரி முக்கும். ஒரு நாள் நாலு ரோடு சேரும் இடத்தில், சிக்னல் பச்சை விழுந்த பிறகும் நகராமல் நின்றது. பின்னால் பேருந்து. அக்கா போன் பண்ணியதும் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து ஓடினேன். பேருந்துக்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து என் அக்காவைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. அக்கா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை.

அன்றைக்குத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மழுப்பாமல் சொல்கிறேன்: அதில் பாதி பயம், பாதி அலுப்பு. போன் அடித்தாலே, கார் எங்கே நின்றதோ என்று செருப்பைத் தேடினேன். என் வீட்டின் பின்னறை காலியாக இருக்கிறது; "வந்து இருக்கட்டுமே, என்ன இப்ப?" என்று மனைவியும் சொல்லிவிட்டாள். ஆனால் கார் ஓடுகிறவரை அக்கா வரமாட்டாள். கார் செத்துவிட்டது என்று ஒரு மெக்கானிக் சொல்லிவிட்டால்?

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன் ஒருவன் பெரிய ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். தலையில் ஒரு முடி கிடையாது; நாங்கள் இன்னும் அவனைச் 'சுருட்டை' என்றுதான் கூப்பிடுகிறோம். அவனிடம் போனேன்.

"அக்கா காரக் கொண்டு வருவேன். பாத்ததும் கியர்பாக்ஸ் முழுசும் போச்சு, பார்ட்ஸ் கிடைக்காதுன்னு சொல்லிடு."

"டேய், உங்க அக்காவா? அவங்க முறைச்சாலே எனக்கு நாக்கு குழறும்டா."

"நான் பக்கத்துலதான் நிப்பேன்."

"நல்லதுக்குத்தான சொல்ற?"

"நல்லதுக்குத்தான்" என்றேன். சொல்லும்போது அது பொய் இல்லை என்றே பட்டது.

மறுநாள் அக்காவும் நானும் காரைக் கொண்டுபோய் நிறுத்தியதும் சுருட்டை பானட்டைத் திறந்தான். அரை நிமிஷம் பார்த்தான். "முடிஞ்சிடுச்சுக்கா" என்று மூடினான். சினிமாவில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றுவாரே, அந்த மாதிரி கைக்குட்டையால் நெற்றியை வேறு துடைத்துக்கொண்டான். நடிக்கச் சொன்னால் இவ்வளவு கேவலமாகவா நடிப்பான் ஒருவன்!

திரும்பி வரும்போது அக்கா காரை மூன்றாவது கியரிலேயே முக்கி முக்கி ஓட்டிவந்து வீட்டு வாசலில் நிறுத்திய பிறகு சொன்னாள்.

"அவன் பானட்டத் தொறந்துட்டு உள்ள பாக்கலடா. உன்னப் பாத்தான்."

நான் சீட் பெல்ட்டைக் கழற்றுவதுபோல் குனிந்தேன்.

"என்னையா? எதுக்கு?"

"தெரிஞ்சவன்னு நீ நம்பிப் போறல்ல, உன்னையே ஏமாத்தப் பாக்குறான். நீ ஒரு அப்பாவிடா. எவன் எது சொன்னாலும் தலைய ஆட்டிட்டு வந்துடுவ."

அவள் என்மேல் பரிதாபப்பட்டாள். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இரண்டே நாளில் அக்கா வேறு ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டாள். டயர் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை; காரைத் தூக்கும் இயந்திரம் ஒன்று; சுவர் முழுக்க ஸ்பேனர்கள் அளவு வாரியாக. அறுபது வயது இருக்கும். எல்லாரும் அவரை 'மோப்பம்' என்பார்கள், ஏனென்றால் கியர் எண்ணெயை முகர்ந்து பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார். சந்தேகத்தில் அவர் அக்காவுக்கு மேல் இருந்தார். காரைத் தொடுவதற்கு முன்னால் அதிலிருந்த ஒவ்வொரு கீறலையும் போட்டோ எடுத்து அக்காவிடம் காட்டினார்.

"இதெல்லாம் ஏற்கெனவே இருக்குது. ஒத்துக்கறீங்களா? அப்புறம் நான் கீறினேன்னு வரக் கூடாது."

"அந்தப் பக்கத்துக் கதவையும் எடுங்க. அப்புறம் நீங்க கீறிட்டு ஏற்கெனவே இருந்ததுன்னு சொல்லக் கூடாது" என்றாள் அக்கா.

இருவரும் ஒருவரை ஒருவர் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டார்கள். சரியான ஜோடி என்று நினைத்தேன்.

மோப்பம் எண்ணெய் அளவுக் கம்பியை உருவி மூக்குக்குக் கீழே வைத்துக் கண்ணை மூடினார். பிறகு வெள்ளைத் துணியில் துடைத்து எங்களிடம் காட்டினார். நல்ல சிவப்பு.

"கருகல் வாடையே இல்ல. கியர் பெட்டிக்குள்ள பிளேட்டுங்க தேஞ்சிருந்தா எண்ணெய் கறுத்து நாறும். எந்த மடையன் பெட்டி போச்சுன்னு சொன்னான்?"

கையடக்கமான ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். பத்து வினாடியில் விடை வந்தது. "இரண்டாம் நம்பர் சோலினாய்டு. கரண்டு வந்தா எண்ணெய்க்கு வழி விடும், நின்னா அடைக்கும். கட்டைவிரல் அளவுக்கு ஒரு வால்வு, அவ்வளவுதான். அதுக்குள்ள இருக்கிற கம்பி அறுந்திருக்கு, சூடேறினா விட்டுடுது. அது வேலை செய்யலேன்னா பெட்டி பயந்துபோயி மூணாவதுலயே உக்காந்துக்கும்."

"அவ்வளவு சின்ன சாமானா?" அக்காவின் குரலில் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம்.

மோப்பம் கம்பியைத் துடைத்துத் திரும்பச் செருகினார். செருகிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார். "கியர் வேலை தெரிஞ்சவன் எண்ணெய மோந்து பாக்காம வாயத் தொறக்க மாட்டான். ஒண்ணு, அவனுக்கு வேலை தெரியல. இல்ல, யாரோ அப்படிச் சொல்லச் சொல்லியிருக்காங்க."

நான் குனிந்து செருப்பில் ஒட்டாத மண்ணைத் தட்டினேன். இந்த மனுஷன் மூக்குக்கு எண்ணெய் மட்டும்தான் தெரியுமா, இல்லை, பக்கத்தில் நிற்கிறவனையும் தெரிந்துவிட்டதா? அன்றிலிருந்து எனக்கும் வியாதி தொற்றிக்கொண்டது. அக்கா போனில் ஒரு நொடி தாமதித்து 'ம்' என்றால், தெரிந்துவிட்டதோ என்று பார்த்தேன். சுருட்டை போன் பண்ணினால் எடுக்கவில்லை. மனைவி, "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றால் எரிந்து விழுந்தேன்.

அக்கா மோப்பத்தையும் நம்பவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சோலினாய்டை அவளே வாங்கிவருவதாகச் சொன்னாள். வேலை முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பாள். பழசு அவள் கைக்கு வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மோப்பம் தலையாட்டினார்.

"தாராளமா உக்காருங்கம்மா. கைய மட்டும் வைக்காதீங்க."

நாலாம் நாள் சாமான் வந்தது. அக்கா விடுப்பு எடுத்தாள். நானும் எடுத்தேன். துணைக்கு என்று அவளிடம் சொன்னேன். உண்மையில், நான் இல்லாத இடத்தில் மோப்பம் ஏதாவது பேசிவிடுவாரோ என்ற பயம்.

கார் மேலே ஏறியது. மோப்பம் அடியில் நின்று எண்ணெயை வடித்தார். பெட்டியின் அடித்தட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தளர்த்தித் தட்டை இறக்கினார். தட்டின் மூலையில் ஒரு காந்தம். அதில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரிக் கொஞ்சம் துகள். விரலால் வழித்துக் காட்டி, "இவ்வளவு வருஷத்துக்கு இது ஒண்ணுமே இல்லம்மா. பெட்டி தங்கம்" என்றார். அக்கா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிளக்கைப் பிடுங்கி, ஒற்றை போல்ட்டைக் கழற்றி, பழைய சோலினாய்டை உருவினார். மீட்டரின் இரண்டு முனைகளையும் அதில் வைத்தார். ஒன்றும் காட்டவில்லை. புதியதில் வைத்தார். பதிமூன்று ஓம் என்று காட்டியது.

"பாத்துக்கிட்டீங்களா? பழசு செத்தது. இது உயிரோட இருக்கு."

புதியதைச் சுத்தமான துணிமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அக்கா பையைத் திறந்தாள். அந்தச் சிவப்புக் குப்பி. சோலினாய்டின் வயிற்றில் ஒரு புள்ளி வைத்தாள். வைத்தவள் நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்தாள்.

"டேய், வாசலப் பாத்துக்கோ."

"எதுக்குக்கா? ஒண்ணு வச்சிட்டல்ல?"

"இதப் பாத்து வேற ஒண்ணுல அவரும் வச்சிட்டா? உனக்கு ஒண்ணும் தெரியாது, போ."

நான் போய் வாசலில் நின்றேன். திரும்பிப் பார்த்தபோது, பிளக் மாட்டும் வாய்க்குள் தூரிகையை விட்டு இரண்டாவது புள்ளியை வைத்துக்கொண்டிருந்தாள். அது சரியாக விழவில்லையோ என்று இன்னொரு தடவை தோய்த்து வைத்தாள். பிறகு வாயால் ஊதி ஊதிக் காயவைத்தாள். அந்த இடத்தில் மின்சாரம் போகும் இரண்டு பித்தளை ஊசிகள் இருக்கின்றன என்பது அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மோப்பம் வந்தார். வயிற்றுப் புள்ளியைப் பார்த்துவிட்டு, "பொட்டு வச்சி அனுப்புறீங்களா?" என்று கேட்டார். அக்கா பையை இழுத்து மூடினாள். ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவி, சோலினாய்டை அமுக்கி, போல்ட்டை இறுக்கி, பிளக்கை மாட்டினார். 'டக்' என்று உட்கார்ந்தது. அந்த நேரம் முழுவதும் அக்கா கண்ணைச் சிமிட்டினாளா என்பதே சந்தேகம்.

புது எண்ணெய் ஊற்றிக் காரை ஓட்டிப் பார்த்தார். தெருமுனை திரும்புவதற்குள் 'டி' சிமிட்டியது.

திரும்பி வந்து ஸ்கேனரை மாட்டினார். அதே இரண்டாம் நம்பர். பெட்டிக்கு வெளியே இருக்கும் பிளக்கில் மீட்டரை வைத்தார். ஒன்றும் காட்டவில்லை. அவர் முகம் இருண்டுவிட்டது.

"கதவச் சாத்தின மாதிரி இருக்கு. கரண்டு போகவே இல்ல. மத்தியானம் பதிமூணு காட்டிச்சே, நீங்களும் பாத்தீங்களே." அளவுக் கம்பியை உருவி, பாவம், அன்றைக்கு ஊற்றின புது எண்ணெயையே முகர்ந்து பார்த்தார். "அப்ப உள்ள போற வயருல கோளாறு இருக்கணும். இல்லேன்னா கம்ப்யூட்டரு. ரெண்டும் இந்தக் காருக்குக் கிடைக்காதும்மா."

அக்கா வெடிப்பாள் என்று காத்திருந்தேன். வெடிக்கவில்லை.

"இவரு மாத்தலடா" என்றாள் என்னிடம். "நான் கண்ண எடுக்கவே இல்ல. இவரு ஒழுங்காத்தான் மாட்டினாரு." சந்தேகப்பட ஆளில்லாமல் போனதும் அவள் உடைந்துவிட்டாள். என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். "அந்தச் சுருட்டை சொன்னதுதான் சரி போல. நான்தான் வீணா அவன வைஞ்சேன். வித்துடலாம்டா. உன் பின்னறைய ஒழிச்சு வை."

இதற்காகத்தானே இத்தனையும் செய்தேன்? கேட்டது கிடைத்துவிட்டது. போனை எடுக்க அக்கா பையைத் திறந்தபோது, சிவப்புக் குப்பி பையின் வாயில் துருத்திக்கொண்டு நின்றது. கதவைச் சாத்தின மாதிரி, என்று மோப்பம் சொன்னது காதில் இருந்தது. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டாம். சும்மா நின்றால் போதும்.

சும்மா நின்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன். டிக்கியிலிருந்து ஐஸ் பெட்டியை எடுத்துக் கீழே வைக்கச் சொன்னாள், வைத்தேன். இடுப்புக்கு வைக்கும் தலையணையை எடுக்கச் சொன்னாள், எடுத்தேன். அக்கா பரிசோதனைக்கூடத்தில் இருக்கும் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"நாளையிலேருந்து வேற ஆளப் போட்டுக்கம்மா. ஆமா, இனிமே முடியாது. ஒண்ணு மட்டும் எழுதி வச்சிக்கோ. மாடி வீட்டுப் பெரியவருக்கு முழங்கையில தேடாதீங்க, கிடைக்காது. இடது கை, மணிக்கட்டுக்கு மேல ரெண்டு விரல் தள்ளி. குத்துறதுக்கு முன்னாடி அவரு கையக் கொஞ்ச நேரம் உங்க கைக்குள்ள வச்சிக்கணும். சூடாகணும். அவசரப்பட்டா..."

அதோடு போனை அணைத்துவிட்டாள். எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணே" என்றேன் மோப்பத்திடம். "அந்தப் பிளக்கக் கழட்டிப் பாருங்க. உள்ள நெயில் பாலிஷ் இருக்கு."

"என்ன இருக்கு?"

"நெயில் பாலிஷ். அக்கா அடையாளத்துக்கு வச்சாங்க. ரெண்டு தடவ பூசினாங்க."

மோப்பம் கையிலிருந்த ஸ்பேனரை மேஜைமேல் போட்டார். சத்தத்தில் டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "பின்னுமேலயா! கரண்டு போற பின்னுமேலயா! ஏம்மா, முப்பத்தஞ்சு வருஷமா இந்த வேலை பாக்குறேன், வயர எலி கடிச்சுப் பாத்திருக்கேன், தண்ணி இறங்கிப் பாத்திருக்கேன். நகப்பூச்சு பூசி அனுப்பின ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்!"

மறுநாள் காலை எண்ணெயை மறுபடி வடித்துத் தட்டை இறக்கிப் பிளக்கைக் கழற்றினார். இரண்டு ஊசிகளிலும் சிவப்பு, காய்ந்து இறுகிப் போய் இருந்தது. அக்கா தன் பையிலிருந்து சுத்தமான பஞ்சை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதில் தின்னர் தொட்டு, மெல்லிய பிளேடால் சுரண்டிச் சுரண்டித் துடைத்தார். மீட்டரை வைத்தார். பதிமூன்று.

"உங்க சந்தேகத்துக்கு ஈடு கொடுக்க இன்னும் சோலினாய்டு செய்யலம்மா" என்றார்.

"மன்னிச்சிடுங்கண்ணே" என்றாள் அக்கா. அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. மோப்பத்துக்கும் சங்கடமாகிவிட்டது, போகட்டும் போகட்டும் என்று கையைத் துடைத்துக்கொண்டார். ஆனால் நான் காரில் ஏறும்போது பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், "தம்பி, நேத்தே சொன்னீங்க. நல்லது" என்றார். நேற்றே என்பதை அவர் ஏன் அழுத்தினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்காதான் ஓட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கியர் மாறுவதே தெரியவில்லை. 'டி' சிமிட்டாமல் எரிந்துகொண்டிருந்தது. ஐஸ் பெட்டி மறுபடி டிக்கியில் ஏறியிருந்தது. பரிசோதனைக்கூடத்துக்குப் போன் போட்டு, ஆள் வேண்டாம், நாளைக்கு நானே வருகிறேன் என்று கிளம்புமுன் சொல்லிவிட்டாள். சின்னப் பெண் மாதிரி அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நானும் சிரித்தேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அப்போது வலது பக்கம் விளக்கைப் போட்டாள்.

"இங்க எதுக்குக்கா திரும்புற?"

"சுருட்டையப் பாக்கத்தான். நாலு கேள்வி கேக்காம விடுவேனா? ஒண்ணுமில்லாத பெட்டிய முடிஞ்சிடுச்சுன்னான்ல? யாரோ சொல்லச் சொல்லியிருக்காங்கன்னு அண்ணன் சொன்னாரே, அது சரியாத்தான் இருக்கும். யாருடா அது? பக்கத்து வீட்டுக்காரிக்கு நான் கார் நிறுத்துற இடத்துமேல ரொம்ப நாளாக் கண்ணு. இல்ல, பரிசோதனைக்கூடத்துல அந்தப் புது மேனேஜரு. என்னை எப்படா கழட்டி விடலாம்னு இருக்கான். இல்லேன்னா..."

அவள் பட்டியல் போட்டுக்கொண்டே போனாள். கீழ்வீடு, மேல்வீடு, வேலை செய்யுமிடம், பழைய சண்டை, புதுச் சண்டை. எத்தனை பெயர் வந்தாலும் என் பெயர் வரவில்லை. ஒர்க்‌ஷாப்பின் பலகை தூரத்தில் தெரிய ஆரம்பித்தது.

"நான்தான்கா."

"என்ன நீதான்?"

"நான்தான் சுருட்டையச் சொல்லச் சொன்னேன். அன்னிக்கு அந்த நாலு ரோட்டுல உன்ன அப்படிப் பாத்ததுலேருந்து எனக்குப் பயம். கார் இல்லேன்னா நீ நம்ம வீட்டுக்கு வந்துடுவேன்னு..."

அவள் பிரேக்கைக்கூட அழுத்தமாக மிதிக்கவில்லை. சிக்னல் சிவப்பு விழுந்தது. கார் மெதுவாகத் தன் கியர்களில் ஒவ்வொன்றாக இறங்கி நின்றது. தக்காளிக்காரரோடு அரைமணி சண்டை போடுகிறவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டமாட்டாளா என்று ஏங்கினேன்.

பச்சை விழுந்ததும் அவள் திரும்பவில்லை. நேராக ஓட்டினாள். என் வீட்டு வாசலில் நிறுத்திய பிறகு, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இல்லாத வியாதிய இருக்குன்னு சொல்ல வச்சிட்டியேடா. நானும் அத ஒருத்திக்குப் பண்ணியிருக்கேன். ஆனா நான் தெரியாமப் பண்ணினேன்."

அக்கா, என்று மட்டும் சொன்னேன்.

"அந்த இன்னொரு கார் சாவியக் கொண்டுவா."

உள்ளே போய் ஆணியிலிருந்து எடுத்தேன். மனைவி என்னவென்று கேட்டாள். வந்து சொல்கிறேன் என்றேன். திரும்பி வந்தபோது அக்கா கைத்தடியை ஊன்றிக் காருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். சாவியை நீட்டினேன். வாங்கினாள்.

வாங்கிப் பையில் போடவில்லை. வெளிச்சத்தில் பிடித்து ஒரு பக்கம் பார்த்தாள். புரட்டி மறுபக்கம் பார்த்தாள். பிறகு குனிந்து டிரைவர் கதவுத் துவாரத்தில் அதைப் போட்டு, பூட்டினாள், திறந்தாள், இன்னொரு முறை பூட்டித் திறந்தாள். சரியான சாவிதான் என்று தெரிந்த பிறகு ஏறிக் கிளம்பிப் போனாள்.